‘டப்’ என்று மட்டும் கேட்டால் நிறுத்துங்கள்!

தீபாவளி இரவு. திரியைக் கொளுத்திவிட்டுத் தம்பி ஓடி வருகிறான். வெடி வெடிக்கவில்லை. ‘புஸ்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. என்ன ஆயிற்று என்று குனிந்து பார்க்கப் போனவனை அம்மா ஓர் அதட்டல் போட்டு நிறுத்துகிறார். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். அம்மா சொன்னது நல்ல அறிவியல். வெடிக்க வேண்டியது வெடிக்காமல் போனால் ஆபத்து முடிந்துவிட்டது என்று பொருளல்ல.

இதை மறந்ததால் ஓர் உயிர் போன கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ, 1993 மார்ச் 31 அன்று, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள வில்மிங்டன் நகரில் ‘தி குரோ’ படப்பிடிப்பில் சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 28. சுட்ட துப்பாக்கியில் அந்த நேரம் இருந்தது குண்டே இல்லாத, சத்தம் மட்டும் எழுப்பும் வெற்றுத் தோட்டா. அப்படியானால் குண்டு எங்கிருந்து வந்தது?

தோட்டாவுக்குள் நான்கு பொருள்கள்

விடை காண, தோட்டாவைப் பிரித்துப் பார்ப்போம். வெளியே பித்தளைக் கூடு. அதன் அடிப்பகுதியில் பிரைமர் என்னும் சிறிய தீமூட்டி. ஊசி அடித்தவுடன் இது தீப்பொறி கக்கும். நடுவில் மருந்து. வாயில் அடைப்பாக உட்கார்ந்திருப்பது குண்டு. பிரைமர் மருந்தைப் பற்றவைக்கும். மருந்து எரிந்து சூடான வாயுவாகும். வாயு குண்டைத் தள்ளும்.

அந்தப் படத்தில், துப்பாக்கியை அருகிலிருந்து காட்டும் ஒரு காட்சிக்குப் பார்வைக்கு அசலைப் போன்ற பொம்மைத் தோட்டாக்கள் தேவைப்பட்டன. படக்குழுவினர் நிஜத் தோட்டாக்களையே பிரித்து, மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டைத் திரும்பப் பொருத்தினார்கள். ஆனால் ஒன்றில் பிரைமர் உயிரோடு இருந்தது. எப்போதோ விசை இழுக்கப்பட்டபோது அந்தப் பிரைமர் மட்டும் வெடித்தது. குண்டைக் கூட்டிலிருந்து கிளப்ப அதன் வலு போதும். குழலைத் தாண்டி வெளியேற்றப் போதாது. குண்டு பாதி வழியில் சிக்கிக்கொண்டது. யாரும் குழலுக்குள் பார்க்கவில்லை.

பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போடப்பட்டது. வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லையே தவிர, மருந்தும் பிரைமரும் உண்டு. குழலில் காத்திருந்த குண்டுக்கு அந்த வாயு போதுமானதாக இருந்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே முழுத் தோட்டா அல்ல. இரண்டும் சேர்ந்து ஒரு முழுத் தோட்டாவாகிவிட்டன.

வீட்டு மேசையில் தோட்டா

அமெரிக்காவில் இலக்குச் சுடுவோரும் வேட்டைக்காரர்களும் சுட்ட பித்தளைக் கூட்டை எறியாமல், வீட்டிலேயே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம். சிக்கனமும் துல்லியமும் அதன் நோக்கங்கள். அங்கு இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. அவர்கள் மிகவும் அஞ்சும் தவறுகளுள் ஒன்று, மேலே நாம் பார்த்ததேதான்: ஒரு கூட்டில் மருந்து போட மறந்துவிடுவது. ‘டமார்’ என்பதற்குப் பதில் ‘டப்’ என்று கேட்கும். கையில் உதைப்பு இருக்காது. அனுபவசாலி அந்தக் கணமே நிறுத்துவார். பத்திரமான திசையிலேயே துப்பாக்கியை நீட்டியபடி சற்றுக் காத்திருப்பார், மருந்து தாமதமாகப் பற்றவும் கூடும் என்பதால். பிறகு தோட்டாக்களை வெளியேற்றிவிட்டு, குழல் திறந்திருக்கிறதா என்று சோதிப்பார். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால், அடைபட்ட குழலே வெடித்துப் பிளக்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறு, ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து போடுவது. மருந்து இரண்டு மடங்கானால் அழுத்தமும் இரண்டு மடங்குதானே என்று நினைக்கிறீர்களா? இல்லை. இந்த மருந்து நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. 1884இல் பிரான்சின் பால் வியே உருவாக்கிய புகையில்லா மருந்தின் வழிவந்தது. திறந்த வெளியில் அது சீறி எரிந்து போகும். அடைத்த இடத்தில் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்றையொன்று துரத்தும் இந்தச் சுழலால் அழுத்தம் இரு மடங்கையும் தாண்டிப் பாய்ந்துவிடும்.

எவ்வளவு அழுத்தம்? பிராண்டன் லீயைக் கொன்ற ரிவால்வர் .44 மேக்னம் வகை. அவ்வகைத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. உங்கள் காரின் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! முறையாக நிரப்பிய தோட்டாவிலேயே இந்த நிலை. மிஞ்சினால் உலோகம் தாங்காது.

ஆகவே கவனமுள்ளவர்கள் சில பழக்கங்களை வைத்திருக்கிறார்கள். மேசையில் ஒரே வகை மருந்துதான் இருக்கும். அளவு, நம்பகமான கையேட்டில் உள்ளதுதான், ஊகம் கிடையாது. தராசை அடிக்கடி சரிபார்ப்பார்கள். குண்டைப் பொருத்துமுன் கூடுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பார்கள். தொலைக்காட்சியும் பேச்சும் கூடாது. யாராவது கூப்பிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து விட்ட இடத்தை நினைவில் தேடமாட்டார்கள். அந்தக் கூட்டைக் காலி செய்து மறுபடி தொடங்குவார்கள்.

மழைக்காலமும் குதிரை லாயமும்

கூட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. யாரும் அவற்றைச் சுடவில்லை. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும்தான் காரணம் என்று 1921இல் விளக்கப்பட்டது. கூட்டை வடிவமைக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கமும் அம்மோனியாவும் சேர்ந்தால் பித்தளை பிளந்துவிடும். மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது தீர்வாயிற்று. இன்றும் அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷால் கூடுகளைத் துலக்கக்கூடாது என்று எச்சரிக்கிறார்கள்.

நமக்கு என்ன பாடம்?

மலேசியாவில் உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதே குற்றம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. எனவே இது நாம் செய்து பார்க்கும் விஷயமல்ல. ஆனால் பெருநாள் நெருங்கும்போது வீட்டிலேயே வெடி செய்து பார்க்கும் பிள்ளைகள் இங்கும் இருக்கிறார்கள். அளவும் தெரியாது, கலவையும் தெரியாது, அடைத்து வைத்தால் அழுத்தம் என்ன செய்யும் என்பதும் தெரியாது. தராசும் கையேடும் வைத்திருப்பவர்களே அஞ்சி அஞ்சிச் செய்யும் வேலை அது. உங்கள் பிள்ளை அப்படி எதையாவது கையில் எடுத்தால், சட்டத்தை மட்டும் சொல்லி மிரட்டாதீர்கள். அந்த டயர் கணக்கையும் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் என் மாணவர்களுக்கு நான் சொல்வதும் ஒன்றுதான். எதிர்பார்த்தது நடக்கவில்லையா? அடுத்த படிக்குப் போகாதே. நின்று, விலகி, ஏன் என்று கேள். வில்மிங்டனில் அன்று ஒருவர் குழலுக்குள் எட்டிப் பார்த்திருந்தால், அந்த இளைஞர் வீடு திரும்பியிருப்பார்.