பூனைக்கு ஆபரேஷன் முடிஞ்சாச்சா? உங்க மாத்திரை டப்பா பக்கம் மட்டும் போயிடாதீங்க!

இரவு 11 மணி. எங்கள் வீட்டுப் பூனை பட்டாணிக்கு அன்று மதியம்தான் கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்து லேசாக முனகிக்கொண்டிருந்தது. அம்மா கையில் பாதி பாராசிட்டமாலோடு வந்து நின்றார். “பாவம்டி, வலிக்குது போல. பச்சப்புள்ளைக்கே இதைத்தானே குடுக்குறோம்?”

நல்லவேளை, கொடுக்கவில்லை. அந்தப் பாதி மாத்திரை பட்டாணியின் உயிரையே எடுத்திருக்கலாம்.

பூனை வளர்ப்பவர்களில் பலருக்கு ஆபரேஷன் டேபிளை நினைத்துத்தான் பயம். ஆனால் கருத்தடை என்பது கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் செய்கிற சிகிச்சை. அதன் பிறகு வீட்டில் கழிகிற பத்துப் பன்னிரண்டு நாள்களில்தான் நாம் சொதப்புகிறோம்.

பாராசிட்டமால் ஏன் ஆகாது?

நம் கல்லீரலில் பாராசிட்டமாலைப் பாதுகாப்பாக மாற்றி வெளியேற்றும் என்சைம் போதுமான அளவு இருக்கிறது. பூனைக்கு அது மிகமிகக் குறைவு. அதனால் மருந்து நச்சாக மாறி ரத்த சிவப்பணுக்களைத் தாக்கும். ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறுவது, முகமும் பாதமும் வீங்குவது, மூச்சு வாங்குவது எல்லாம் இதன் அறிகுறிகள். கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்பதே பூனைக்கு ஆபத்தான அளவு. பட்டாணியின் எடை 3 கிலோ. 500 மி.கி. மாத்திரையில் பாதி என்றால், கிலோவுக்கு 80-ஐத் தாண்டிவிடும்.

தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற நம் வலி மாத்திரைகளும் வேண்டாம். பூனைக்கான வலி மருந்தை டாக்டரே எடை பார்த்து எழுதித் தருவார். அதிலும் ஒரு சொட்டுகூட நாமாகக் கூட்டக்கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே “வலிக்கு என்ன கொடுத்திருக்கீங்க, அடுத்த டோஸ் எப்போ?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்க மறந்தேன். அதனால்தான் அந்த 11 மணி கூத்து.

ஆபரேஷனுக்கு முன்...

பெண் பூனை 4 மாதத்திலேயே சினைபிடிக்கலாம். அதனால் 4 முதல் 6 மாதத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. சென்னையில் இருப்பவர்கள், 1903-ல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விசாரிக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் அரசு கால்நடை மருத்துவமனையில் பூனைக்கு ஆபரேஷன் வசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். அதற்குத்தான் வெறும் வயிறு. எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் அவற்றுக்கு நேரம் குறைவு. நாம் தட்டை எடுத்து வைத்தால் மட்டும் போதாது. பட்டாணிக்கு எதிர்வீட்டிலும் ஒரு கருவாட்டு அக்கவுன்ட் உண்டு, அங்கேயும் சொல்லிவைக்க வேண்டியிருந்தது.

கூண்டை அன்று காலை பரணிலிருந்து இறக்கினால் பூனை பீரோ மேலே ஏறிவிடும். ஒரு வாரம் முன்பே உள்ளே பழைய துண்டு போட்டு, கதவைத் திறந்து ஹாலில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு

கண் திறந்தே இருக்கும், ஆனால் பார்வை எங்கேயோ இருக்கும். நடந்தால் தள்ளாடும். மயக்க மருந்தின் வேலை இது, பயப்பட வேண்டாம். தரையில் படுக்கை போட்டு, தாவ எதுவும் இல்லாத சின்ன அறையில் விடுங்கள். உடல் சூடு குறைந்திருக்கும் என்பதால் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். முழுசாகத் தெளிந்த பிறகு தண்ணீர், கொஞ்சமாக உணவு. பாலாடையில் ஊட்டிவிடும் பாசமெல்லாம் வேண்டவே வேண்டாம், புரை ஏறிவிடும்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அது சீறலாம். ஆஸ்பத்திரி வாசனையோடு வரும் தோழியை அதற்கு அடையாளம் தெரியாது. ஓரிரு நாள் தனித்தனியாக வையுங்கள்.

கோன் கழற்றலாமா?

கழுத்தில் மாட்டும் அந்த பிளாஸ்டிக் கோனைப் பார்த்தால் நமக்கே அழுகை வரும். ஆனால் பூனையின் நாக்கு உப்புத்தாள் மாதிரி. ஆளில்லாத அரை மணி நேரம் போதும், தையலைப் பிரித்துவிடும். சாப்பிடும்போது மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்து கழற்றுங்கள். கோனை ஏற்கவே மறுத்தால் வயிற்றைச் சுற்றிப் போடும் துணிச் சட்டை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். டெட்டால் கூடவே கூடாது, அந்த வகை கிருமிநாசினிகள் பூனைக்கு விஷம். மலம் கழிக்கும் தட்டில் மணலுக்குப் பதில் கிழித்த நியூஸ்பேப்பர் போட்டால் காயத்தில் தூசி ஒட்டாது.

தினம் இரண்டு முறை காயத்தையும், உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்துப்போனால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், அது நடு இரவானாலும் கிளம்ப வேண்டிய விஷயம். காயம் வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, 24 மணி நேரம் ஆகியும் எதையும் தொடவில்லை என்றாலோ டாக்டருக்கு போன் போடுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

ஆண் பூனைக்குக் காயம் சின்னது, சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்களுக்கு அதனால் சினைப்படுத்த முடியும், வெளியே விட்டுவிடாதீர்கள்.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். பட்டாணிக்கு 12-வது நாள் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கோனைக் கழற்றியதும், முடி மழித்த வயிற்றை அரை மணி நேரம் விடாமல் நக்கிவிட்டு, நேராக எதிர்வீட்டுக்குக் கிளம்பிவிட்டது.