சூறாவளிக்கு முன் தெற்கே போகும் படகுகள்

அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். கரீபியத் தீவுகளில் பாய்மரப் படகில் சுற்றுவோர் பலர் அதற்குள் தெற்கே டிரினிடாடுக்குப் போய், சகுவாராமாஸ் படகுத்துறைகளில் ஒதுங்குகிறார்கள். ஏன் தெற்கு? பூமி சுழல்வதால் வீசும் காற்று விலகுகிறது. அந்த விலக்கமே புயலைச் சுழலவைக்கிறது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அது குறையும். நம் வட்டாரத்தில் புயல் அபூர்வமாக இருப்பதும் அதனால்தான் (2001 டிசம்பரில் வந்த வாமெய் விதிவிலக்கு!).

எவ்வளவு தெற்கு போதும் என்பதுதான் சிக்கல். டிரினிடாட் 11 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. 12 டிகிரியில் உள்ள கிரெனடாவே போதும் எனப் பலர் நம்பினர். 2004இல் ஐவன் அங்கே கரையேற்றிய படகுகளையும் சாய்த்தது. 2024 ஜூலை 1இல் பெரில் தாக்கியபோது, அந்நாட்டின் கேரியக்கூ தீவில் சதுப்புநிலக் காட்டுக்குள் கட்டியிருந்த படகுகளும் நொறுங்கின. கரையேற்றிய படகைத் தரையில் பதித்த கொக்கிகளோடு இறுகக் கட்டி, பாய்களையும் கழற்றிவிடுவது வழக்கம். சுருட்டிய பாயும் காற்றைப் பிடிக்கும்.