காவலர்க்கு ஈடுநாள்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் காவடிகள் ஏறுகின்றன. அன்று சிலாங்கூரில் பொது விடுமுறை. கோலாலம்பூரிலும் 2008 முதல் விடுமுறையே. ஆயினும், அடிவாரத்தில் நின்று கூட்டத்தை ஒழுங்கு செய்யும் காவலர்க்கு அது வேலைநாள். ஊரார் ஓய்ந்திருக்க உழைத்த அந்நாளுக்கு அவர் பெறற்குரியது யாது?

இழந்த நாளுக்கு வேறொரு நாளைத் தருவதே ஈடுசெய் விடுப்பு. இதன் மலாய்ப் பெயர், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைத்தலைக் குறிக்கும் 'கந்தி' என்னும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'ஈடு' என்பது இழப்புக்கு நிகரானது என்று பொருள்படும். ஆகவே, இது சலுகையன்று. கடனைத் திருப்பிக் கொடுத்தலாகும்.

தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்போர்க்கு 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் துணை நிற்கிறது. பொது விடுமுறையில் வேலை செய்தவர்க்கு, விடுமுறைச் சம்பளத்தோடு மேலும் இருநாள் சம்பளம் உண்டு. காவலரோ அரசுப் பணியாளர். அவர்க்கு உரியவை அரசின் பணி விதிகளே.

காவலர் எப்போதும் கடமையில் உள்ளவராகவே கருதப்படுவர் என்று இந்தியாவின் 1861ஆம் ஆண்டுக் காவற்சட்டம் கூறிற்று. மலேசியாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதனையொத்த விதி உண்டு. ஆபத்து வேளையில், 'இன்று எனக்கு ஓய்வு' என்று காவலர் ஒதுங்கலாகாது என்பதே இதன் கருத்து. அவர்க்கு ஓய்வே வேண்டா என்பதன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்த பிரிட்டன், காவலர்க்கு வாரம் ஒரு நாள் என்னும் கணக்கில் ஓய்வளிக்க 1910இல் தனிச்சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டுக் காவலர்க்கு வார ஓய்வளிக்கும் அரசாணை 2021இல்தான் பிறந்தது.

நாளுக்குப் பதில் பணம் தந்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். பணம் குடும்பச் செலவுக்கு உதவும். இரவெல்லாம் நின்ற காலின் சோர்வை நீக்காது. உறக்கமிழந்த காவலர் நெரிசலிடையே நொடியில் முடிவெடுக்க வேண்டியவர். அவர் சோர்வு மக்களுக்கும் தீங்காகும். வணிக நிலையங்கள், அலுவலகங்கள் பற்றிய 1957ஆம் ஆண்டு அனைத்துலகத் தொழிலாளர் உடன்படிக்கை, வார ஓய்வு தற்காலிகமாகத் தடைப்படின் அதே அளவு ஓய்வைத் திருப்பித் தருமாறு கூறுகிறது. அது காவலர்க்கென எழுதப்பட்டதன்று. எனினும் நெறி ஒன்றே.

எப்போது தருவது என்பதே அரிய வினா. சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் பெரும்பாலும் சில வார இடைவெளிக்குள் வருவன. முன்னைய ஈடுநாள் தருமுன் அடுத்த விழா வந்தால் கடன் பெருகும். பல சமயத்தார் பணியாற்றும் படையில், தீபாவளியன்று முஸ்லிம் காவலரும் நோன்புப் பெருநாளன்று இந்துக் காவலரும் ஒருவர்க்கொருவர் கடமை ஏற்பின் சுமை ஓரளவு குறையும்.

ஈடுநாள் ஏட்டில் மட்டும் இருந்தால் ஈடாகாது. சோர்வு தீருமுன்னரே, மனைவி மக்களோடு கழிக்கத்தக்க நாளாக அது காவலர் கைக்குக் கிட்டுதல் வேண்டும்.