அடைமழை முதல் தைப்பனி வரை: வீட்டுக்குள் எலியும் பூச்சியும் புகாமல் காப்பது எப்படி?

தமிழ்நாட்டில் எலியும் பூச்சிகளும் வீட்டுக்குள் அதிகம் புகும் காலம் ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீள்கிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. வயல் வளைகளிலும் கழிவுநீர்க் குழாய்களிலும் மரப்பொந்துகளிலும் நீர் ஏறும்போது, அங்கே குடியிருந்த உயிர்கள் மேட்டைத் தேடி வெளியேறுகின்றன. மழை ஓய்ந்ததும் மார்கழிப் பனி தொடங்கிவிடுகிறது. உலர்ந்த இடம், கதகதப்பு, உணவு ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைப்பது மனிதர் வாழும் வீட்டில்தான்.

ஆகவே இந்தப் பருவத்தில் முதல் வேலை மருந்து அடிப்பதல்ல, வழியை அடைப்பது. அடுத்தது ஈரத்தைப் போக்குவது. மூன்றாவது, உணவு எட்டாமல் செய்வது. இந்த மூன்றையும் செய்யாமல் அடிக்கும் மருந்து உள்ளே இருப்பவற்றை மட்டுமே கொல்லும். வெளியே இருப்பவை அடுத்த மழையில் அதே வழியாக வந்து சேரும்.

எலி: சிறு ஓட்டையே பெரிய வாசல்

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழையும் ஓட்டையில் அதுவும் நுழையும். வளர்ந்த வீட்டெலிக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் வேண்டும். கதவின் அடி இடுக்கு, குளியலறைக் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம், ஏ.சி. குழாயும் கேபிளும் நுழையும் துளை, ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து ஆகியவையே வழக்கமான வழிகள். வீட்டெலி நன்றாக ஏறும். கூரையைத் தொடும் முருங்கைக் கிளையும் மாமரக் கிளையும் அதற்குப் பாலமாகின்றன. மழைக்கு முன்பே அவற்றை வெட்டி ஒதுக்க வேண்டும். பெருச்சாளியோ தரையைக் குடைந்து அடித்தளத்தின் ஓரமாக வருகிறது.

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். துணி, மரத்துண்டு, தெர்மோகோல் கொண்டு அடைத்த ஓட்டை சில இரவுகளில் மீண்டும் திறந்துவிடும். சிமெண்டுக் கலவையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பூசும் நம் கொத்தனார்களின் பழைய முறை இன்றும் பயன்படுகிறது. குழாயைச் சுற்றியுள்ள சிறு இடைவெளியில் எஃகு நார் திணித்து மேலே சிமெண்ட் பூசலாம். கதவின் அடியில் தகடு அறையலாம். ஜன்னலுக்கும் காற்றுப்போக்கிக்கும் நெருக்கமான கம்பிவலை பொருத்த வேண்டும்.

உள்ளே வந்துவிட்ட எலிக்குப் பொறியே ஏற்றது. எலி புதிய பொருளைக் கண்டு ஒதுங்கும் இயல்புடையது. எனவே முதல் இரண்டு மூன்று இரவுகள் பொறியை விசையேற்றாமல், சுட்ட தேங்காயோ கருவாடோ வைத்துச் சுவரோரமாக விட வேண்டும். பயமின்றித் தின்னப் பழகிய பிறகு விசையேற்றினால் சிக்கும். நீண்ட மூக்குடன் கீச்சிட்டபடி சுவரோரம் ஓடும் மூஞ்சூறு எலியினம் அல்ல. அது கரப்பானையும் பூச்சிகளையும் தின்பது, கொல்லத் தேவையில்லை.

எலியின் சிறுநீர் கலந்த மழைநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக அது உடலில் நுழைகிறது. தேங்கிய நீரில் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. எலிப்புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்குவதும் தவறு. பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, கையுறை அணிந்து துடைத்தெடுக்க வேண்டும்.

கரப்பான்: சாக்கடையிலிருந்து சமையலறைக்கு

செம்பழுப்பு நிறப் பெரிய கரப்பான் சாக்கடையில் வாழ்வது. குழாயில் மழைநீர் ஏறும்போது குளியலறை வழியாக மேலே வருகிறது. குளியலறைத் தரைத்துளையின் கீழுள்ள நாணி டிராப்பில் எப்போதும் நீர் நின்றால் அந்த வழி அடைபட்டிருக்கும். பயன்படுத்தாத குளியலறையில் அந்த நீர் வற்றிவிடும் என்பதால் வாரம் ஒரு குவளை நீராவது ஊற்ற வேண்டும். மேலே நெருக்கமான துளையுள்ள ஜாலி இருப்பது நல்லது. பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தையும் அடைக்க வேண்டும்.

அலமாரிக் கீல்களிலும் மிக்ஸி, பிரிட்ஜ் பின்புறத்திலும் மொய்க்கும் சிறிய கரப்பான் வேறு இனம். அதன் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். ஸ்பிரே அடித்தால் அது சிதறி மற்ற அறைகளுக்கும் பரவுகிறது. மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைக்கும் கரப்பான் மருந்து ஜெல்லை இடுக்குகளில் சிறு பொட்டுகளாக வைப்பது அதைவிடப் பயன்தரும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லை அண்டாது. இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவைக்காமல் தொட்டியைத் துடைத்து உலரவிடுவது இரண்டு வகைக்கும் பொருந்தும்.

ஈரம் தேடும் உயிர்கள்

மரவட்டை தீங்கற்றது, துடைப்பத்தால் தள்ளி வெளியே விட்டால் போதும். பூரான் கடித்தால் கடும் வலி தரும். தேளில் செந்தேள் மிக ஆபத்தானது. அதன் நஞ்சு குழந்தைகளின் இதயத்தைப் பாதிக்கிறது. பிரசோசின் என்ற மருந்து இவ்வாறு பாதிக்கப்பட்டோரின் உயிரைக் காப்பாற்றும் என்பதை மகாராஷ்டிரத்தின் மஹாட் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் எடுத்துக்காட்டினார். தேள் கொட்டினால் மந்திரிக்கப் போவதில் நேரத்தை இழக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எலி வரும் வீட்டுக்குப் பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்போரைக் கடிக்கிறது. பல நேரம் கடித்த வலிகூடத் தெரிவதில்லை. கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிக்கொள்வதும் நல்ல காப்பு. சுவரோரம் விறகு, செங்கல், ஓடு, தேங்காய் மட்டை குவிந்திருந்தால் இந்த உயிர்கள் அனைத்துக்கும் அதுவே தங்குமிடம். குவியலை வீட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். வெளியே கிடந்த செருப்பையும் ஷூவையும் உதறிய பிறகே அணிய வேண்டும்.

மழைக்குப் பின் விளக்கை மொய்க்கும் ஈசல் கறையானின் சிறகு முளைத்த பருவம். வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினாலோ, சுவரில் மண்குழாய் ஏறினாலோ நிலைவாசலும் கதவும் அரிக்கப்படுகின்றன என்று பொருள். மண்குழாயைச் சுரண்டிவிடுவது மட்டும் போதாது. நீர்க்கசிவை நிறுத்தி, பயிற்சி பெற்றவரைக் கொண்டு மருந்து செலுத்த வேண்டும்.

கொசுவும் அரிசி வண்டும்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீர் தேங்கும் கலங்களின் உட்புறத்தில் முட்டையிடுகிறது. அந்த முட்டை நீரின்றிப் பல மாதங்கள் உயிரோடு கிடந்து, மழைநீர் பட்டதும் பொரிகிறது. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாளில் கொசு பறந்துவிடும். எனவே பிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் மூடியில் இடைவெளி இருக்கக் கூடாது.

காற்றில் ஈரப்பதம் கூடும்போது அரிசியிலும் பருப்பிலும் வண்டு பெருகுகிறது. மழைக்கு முன் நன்கு வெயிலில் காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் நம் வீடுகளில் வழிவழியாகப் பயன்படுபவை. புதிய அரிசியைப் பழைய அரிசியின் மேல் கொட்டக் கூடாது.

மருந்து கடைசியில்தான்

எலி மருந்துகளில் அலுமினியம் பாஸ்பைடு மிகக் கொடியது. ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை அது வெளியிடும். மழைக்கால ஈரக்காற்றே அதற்குப் போதும். மூடிய அறையில் அந்த வாயு ஆளையே கொல்லும். அதற்கு முறிமருந்து இல்லை. மனிதர் உறங்கும் வீட்டுக்குள் அதை வைக்கவே கூடாது. கல்லீரலை அழிக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்திருக்கிறது. இரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகளைத் தின்ற எலி சில நாள் கழித்தே சாகும். அதைத் தின்னும் பூனையும் ஆந்தையும் பாதிக்கப்படும். எறும்புச் சாக்பீசும் நஞ்சுதான். குழந்தைகள் அதை எழுதும் சாக்பீஸ் என்று எண்ணிக் கையில் எடுப்பதால் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

புரட்டாசியில் ஓட்டைகளை அடைப்பது, மழை நாள்களில் வாரந்தோறும் தேங்கிய நீரைக் கொட்டுவது, மார்கழி வெயிலில் படுக்கையையும் தானியத்தையும் காயவைப்பது, போகிக்குப் பரண் முதல் கொல்லை வரை ஒழிப்பது என்று காலத்தோடு செய்தால் பெரும்பாலான வீடுகளுக்கு நஞ்சே தேவைப்படாது. ஒரு வீடு மட்டும் தன் வழியை அடைத்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். தெருவும் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஒன்றாகச் சேர்ந்து மழைக்கு முன்பே இந்த வேலையில் இறங்க வேண்டும்.