திகிற்படமும் வயதெல்லையும்

நமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஊடகக் கற்கையை ஒரு பாடமாக எடுத்துப் பயில்கின்றனர் என்று கூறின், பழைய மாணவருள் மூத்தோர் புருவத்தை நெரிப்பர். படம் பார்த்தலும் ஒரு பாடமோ என வினவுவர். அவ்வினாவை நாம் குற்றங் கூறோம். அவர்தங் காலத்திலே படமாளிகைக்குச் செல்லுதல் வீட்டாருக்கும் விடுதிப் பொறுப்பாசிரியருக்கும் ஒளித்துச் செய்யுங் காரியம். "வயது வந்தோருக்கு மட்டும்" என்று விளம்பரத்திற் பொறித்த படத்திற்குத் தமையனுடைய நீளக் காற்சட்டையை அணிந்து, அரும்பாத மீசையைக் கரியால் தீட்டிச் சென்றோர் கதைகளைச் சங்கத்தின் இராப்போசனங்களில் நாமே கேட்டிருக்கின்றோம். அக்கதைகளைக் கூறியவர்கள் இன்று வைத்தியராயும் நியாயவாதியாயும் விளங்குகின்றனர். ஆகையால் அவர்தம் பெயர்களை ஈண்டு வெளியிடோம்.

தமிழாசிரியராகிய நமக்கு அப்பாடத்தோடு தொடர்பு நேர்ந்தது தற்செயலே. அதனைப் போதிக்கும் ஆசிரியர் ஒரு தவணை விடுமுறையிற் சென்றிருந்தமையால், அவ்வகுப்பை மேற்பார்வை செய்யும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. மாணவர்கள் அத்தவணையிலே இரண்டு நிமிடம் ஓடக்கூடிய திகிற்படத் தொடக்கம் ஒன்றை ஆக்கி, அதற்கு எவ்வயதினர்க்கு உரிய சான்றிதழ் வழங்கத் தகும் என்பதையும் காரணங் காட்டி எழுத வேண்டியிருந்தது. இத்தகைய பயிற்சி பிரித்தானியப் பாடசாலைகளின் ஊடக மாணவர்க்குப் பல்லாண்டுகளாகப் பழக்கமானது. நம்மவர் முதல் நாளே கேட்ட வினா: "சேர், திகிற்படத்துக்கும் பேய்ப்படத்துக்கும் என்ன வித்தியாசம்?"

நாம் சிறிது திகைத்தோம். பின்னர் நமக்குத் தெரிந்த இடத்திலேயே விடையைத் தேடினோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தவிடத்து, அச்சம் என்பது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என்றார். அணங்கு என்பது தெய்வமும் பேயும் முதலாயின; இறை என்பது ஆள்வோன். இந்நான்கையும் கரும்பலகையில் எழுதி, தாம் அறிந்த படங்களை இவற்றின் கீழ் நிரைப்படுத்துமாறு மாணவரைப் பணித்தோம். அரை மணி நேரத்துள் வகுப்பு வேறு வகுப்பாயிற்று. அணங்கும் விலங்கும் பெரும்பாலும் பேய்ப்படத்துக்கும் கொடூரப் படத்துக்கும் உரியன. கள்வரும் இறையுமே திகிற்படத்தின் நிலைக்களங்கள். கொலைஞன், ஒற்றன், கடத்துவோன் என்போர் ஒருபால். செய்யாத குற்றத்துக்காக ஒருவனைத் துரத்தும் அரச அதிகாரம் மற்றொருபால். அல்பிரட் ஹிச்கொக் 1935இல் ஆக்கிய 'முப்பத்தொன்பது படிகள்' என்னும் படத்தின் நாயகனைக் கள்வரும் துரத்துகின்றனர், பொலிசாரும் துரத்துகின்றனர். அவரே 1963இல் 'பறவைகள்' என்னும் படத்தை எடுத்தபோது விலங்கின் பக்கஞ் சென்றார். எல்லைகள் இறுக்கமானவை அல்ல. எனினும் எல்லை உண்டென்று அறிந்தவனே அதனைக் கடந்தமையையும் அறிவான்.

இனித் திகிற்படத்தின் மரபுகளை நோக்குவாம். மரபு என்ற சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. முல்லை என்றதும் மாலைப்பொழுதும் காத்திருத்தலும் நம் மனத்தில் எழுவதுபோல, திகிற்படம் என்றதும் இருள் படிந்த தெரு, முகத்திற் பாதியை மறைக்கும் நிழல், ஒடுங்கிய படிக்கட்டு, நீண்ட நடைவழி, மூடிய கதவு, எடுக்க ஆளின்றி ஒலிக்குந் தொலைபேசி என்பன எழுகின்றன. இவற்றைக் கருப்பொருள் எனலாம். இவை எளிதிற் கற்கத்தக்கன. மாணவர் யாவரும் முதலிற் பற்றிக்கொள்வதும் இவற்றையே. ஆனால் கருப்பொருளை மட்டும் அடுக்கினால் பாட்டு ஆகாதவாறுபோல, நிழலையும் கத்தியையும் மட்டும் அடுக்கினால் திகில் பிறவாது.

உரிப்பொருள் வேறொன்று. அதனை விளக்க ஹிச்கொக் கூறிய உவமை உலகப் பிரசித்தமானது. இருவர் மேசையருகிலிருந்து உரையாடுகின்றனர், மேசையின் கீழே வெடிகுண்டு இருப்பதை நாம் அறியோம், திடீரென வெடிக்கின்றது. இஃது அதிர்ச்சி, சில செக்கன்களில் முடிந்துபோம். அதே குண்டு அங்கிருப்பதையும், அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதையும் நமக்கு முன்னரே காட்டிவிட்டு, சுவரிலுள்ள கடிகாரத்தையுங் காட்டினால், அவ்விருவரும் பேசும் வெறும் பேச்சும் நம்மை இருக்கையின் நுனிக்குக் கொணரும். இது கால் மணிநேரம் நீளும் தவிப்பு. ஆகவே திகில் என்பது மறைத்தலால் மட்டும் வருவதன்று, அறிவித்தலாலும் வருவது. பார்ப்போன் அறிந்திருக்கிறான், கதைமாந்தன் அறியான். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே திகில். கோவலன் சிலம்பொடு மதுரைக்குப் புகும்போது நம் நெஞ்சு பதைப்பதும் இதனாலேயே என்று நாம் கூறியபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் முதன்முறையாகச் சிலப்பதிகாரத்தில் ஆர்வங் காட்டினான். ஊடகக் கற்கைக்கு அதற்காக நன்றி.

அவ்வுவமையைக் கூறியவரே அதனைப் பிழைபடவுஞ் செய்தார். 1936இல் அவர் எடுத்த 'நாசவேலை' என்னும் படத்தில் சிறுவன் ஒருவன் குண்டென்று அறியாமல் ஒரு பொதியைச் சுமந்து இலண்டன் வீதிகளிற் செல்கின்றான். வழியில் வேடிக்கை பார்த்து நிற்கின்றான், பஸ்ஸில் ஏறுகின்றான், குண்டு வெடித்து இறக்கின்றான். பார்ப்போர் சினந்தனர். அத்துணை நேரந் தவிக்கவைத்த பின் அத்தவிப்பிற்கு ஓர் ஆறுதல் அளிக்காமை தம் தவறு என ஹிச்கொக் பின்னாளில் ஒப்புக்கொண்டார். திகிற்படத்திற்கும் பார்ப்போனுக்கும் இடையே எழுதா ஒப்பந்தம் ஒன்று உண்டு என்பதனை இதனால் அறியலாம்.

தமிழிலும் எடுத்துக்காட்டுக்குக் குறைவில்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வெளிவந்தது. பாட்டில்லாத தமிழ்ப்படம் ஓடாது என்றிருந்த காலத்தில், ஒரு பாடலுமின்றி, ஒரே கொலையைப் பலர் பலவாறு கூறக்கேட்கும் முறையில் அமைந்தது. அதனை வகுப்பிற் காட்டியபோது, கறுப்பு வெள்ளைப் படம் என்று முதலில் முகஞ்சுழித்தோர் கடைசிவரை அசையாதிருந்தனர்.

வயதெல்லைக்கு வருவோம். இதன் வரலாறு விநோதமானது. அக்காலப் படச்சுருள் நைத்திரேற்று என்னும் பொருளாலானது, எளிதிற் பற்றியெரிவது. ஆதலால் பிரித்தானியாவில் 1909இல் இயற்றப்பட்ட சட்டம் படமாளிகைகளுக்கு உள்ளூராட்சி மன்றங்களின் அனுமதிப்பத்திரம் வேண்டுமென விதித்தது. தீயினின்றும் மக்களைக் காக்க எழுந்த அச்சட்டத்தைக் கொண்டே, எப்படத்தைக் காட்டலாம் என்பதையும் மன்றங்கள் தீர்மானிக்கத் தொடங்கின. ஊருக்கொரு தீர்ப்பு என்றானால் வியாபாரம் கெடும் என அஞ்சிய படத்துறையினர், 1912இல் தாமே ஒரு தணிக்கைச் சபையை நிறுவினர். முதலில் இரண்டே பிரிவுகள்: யாவர்க்கும் உரிய 'யூ', வளர்ந்தோர்க்குப் பொருந்தும் 'ஏ'. கொடூரப் படங்கள் பெருகவே, 1932இல் 'எச்' என்னும் குறி சேர்ந்தது. தொல்காப்பியர் கூறிய அணங்கிற்கு இலண்டனில் ஒரு தனியெழுத்துக் கிடைத்தது எனலாம். 1951இல் அதற்கு ஈடாக 'எக்ஸ்' வந்தது. பதினாறு வயதிற்குட்பட்டோர் உட்புகலாகாது. 1970இல் அவ்வெல்லை பதினெட்டாக உயர்ந்தது. 1982இல் பழைய எழுத்துகள் பல நீங்கி, 15, 18 என்னும் எண்கள் வந்தன. 1989இல் 12 தோன்றிற்று. பன்னிரண்டு வயதிற்குட்பட்டோரும் வளர்ந்தோர் துணையுடன் செல்லலாம் என்னும் '12ஏ' 2002இல் ஏற்பட்டது. அதனை முதன்முதற் பெற்றது 'போர்ண் ஐடென்டிற்றி' என்னும் ஒரு திகிற்படமே. சபையும் 1984இல் 'தணிக்கை' என்ற சொல்லைத் தன் பெயரினின்றும் களைந்து 'வகைப்படுத்தல்' என்று சூட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1934 முதல் இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஒழுக்கக்கோவை, 1968இல் வயதுப் பிரிவுகளுக்கு இடங்கொடுத்து நீங்கியது.

இப்பிரிவுகள் எவ்வாறு பொருந்துகின்றன? 'சைக்கோ' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். 1960இல் எட்டு இலட்சம் டொலர் அளவான சிறு செலவில், தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழுவைக் கொண்டு ஹிச்கொக் அதனை எடுத்தார். நாயகியென நாம் நம்பியிருந்த பெண் படத்தின் பாதிக்கு முன்னரே குளியலறையிற் கொலையுண்கின்றாள். முதன்மை நடிகை முடிவுவரை வாழ்வாள் என்பது மரபு. அம்மரபை அறிந்தோர்க்கே அவ்விடத்து நிலம் நழுவும். முக்கால் நிமிட அளவான அக்காட்சியைப் படமாக்க ஏழு நாள்கள் சென்றன. எழுபதுக்கு மேற்பட்ட கமரா நிலைகள். அவற்றை நறுக்கி நறுக்கி இணைத்தனர். கத்தி பாயும் ஒலி முலாம்பழத்தைக் குத்திப் பெற்றது. இரத்தமென ஓடுவது சொக்கலேற்றுப் பாகு. நரம்பு வாத்தியங்களை மட்டுங் கொண்டு பேர்ணாட் ஹெர்மன் அமைத்த இசை கீறிச்சிடுகின்றது. கத்தி உடலிற் பாய்வதைக் கண்டேன் என்று பலர் சொல்வர். அவர்கள் கண்டது மிகச் சிறிது, கேட்டதும் கருதியதுமே மிகுதி. பிரித்தானியச் சபை சில வெட்டுகளுடன் 'எக்ஸ்' வழங்கியது. இன்று அங்கு அதற்குரியது 15.

அதே ஹிச்கொக் 1954இல் எடுத்த 'பின்புறச் சாளரம்' என்னும் படத்தில் கணவன் மனைவியைக் கொன்று துண்டாக்குகின்றான். குற்றத்தில் இது குறைந்ததன்று, கூடியதே. ஆயினும் கொலை நம் கண்முன் நிகழ்வதில்லை. காலொடிந்து சாளரத்தருகே இருக்கும் ஒருவனோடு நாமும் இருந்து, எதிர்வீட்டு விளக்கு அணைவதையும் ஒருவன் நள்ளிரவிற் பெட்டியொடு போய்வருவதையும் காண்கின்றோம். இதற்கு இன்று அங்குள்ள சான்றிதழ், பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவரும் பார்க்கலாம் என்பது. ஆகவே வயதைத் தீர்மானிப்பது கதையிலுள்ள குற்றமன்று. அது காட்டப்படும் முறை. எத்துணை அருகில், எத்துணை நேரம், எவ்வளவு குருதியோடு, எத்தகைய மனப்பாங்கோடு என்பனவே அளவைகள். சிறுவர் பார்த்துச் செய்யக்கூடிய ஆபத்தான செயல்களையும் சபையார் கவனிக்கின்றனர். நம் மாணவருட் பலர் "எங்கள் படத்திற் கொலை இருக்கிறது, ஆகவே 18" என்று எழுதியிருந்தனர். அவ்விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தோம்.

ஒலியின் வலிமைக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு. 2012இல் வெளிவந்த 'கறுப்புடைப் பெண்' என்னும் பேய்க்கதைக்குத் தயாரிப்பாளர் 12ஏ சான்றிதழை விரும்பினர். சபை அதற்காகச் சில செக்கன்களை வெட்டச் செய்ததோடு, சில காட்சிகளை இருளாக்கவும் ஒலியைத் தணிக்கவுங் கேட்டது. கண்ணுக்குத் தெரிவது போலவே காதுக்குக் கேட்பதற்கும் வயதுண்டென்பது இதனாற் பெறப்படும்.

தவணை முடிவில் மாணவர்தம் படங்களைப் பெற்றோர்முன் காட்டினோம். ஆறு படங்கள். ஐந்தில் நிழலும் கத்தியும் முகமூடியும் இருந்தன; சபையோர் ஆங்காங்கே சிரிக்கவுஞ் செய்தனர். அதனை நாம் எதிர்பார்த்தோம். ஆறாவது படம் அமைதியான மாணவர் மூவர் செய்தது. லாம்பு வெளிச்சத்திற் புத்தகம் படிக்கும் ஒரு பையன். வெளியே நாய் குரைக்கின்றது. பின் குரைப்பு நிற்கின்றது. முற்றத்து மணலில் காலணிகள் நடந்துவரும் ஒலி. பையன் லாம்பைத் தணிக்கின்றான். ஒலி வாசலில் நிற்கின்றது. அவ்வளவே படம். கத்தியில்லை, குருதியில்லை, தீச்சொல் ஒன்றில்லை. "யாவர்க்கும் உரியது" என்று அவர்களே சான்றிதழ் எழுதியிருந்தனர். அளவைகளின்படி அது சரியே. நாமும் அதற்கு முழுப் புள்ளி இட்டிருந்தோம்.

காலடி ஒலி மூன்றாம் முறை கேட்டபோது, முன்வரிசையில் இருந்த ஒரு மாணவனின் தாயார் எழுந்து, சேலைத் தலைப்பை வாயிற் பொத்திக்கொண்டு வெளியே சென்றுவிட்டார். இன்னும் இருவர் தலையைக் குனிந்திருந்தனர். நமக்கும் உள்ளங்கை வியர்த்தது. நாமும் அந்த ஆண்டுகளின் இரவுகளை லாம்பைத் தணித்துக் கழித்தவர்களே. படத்தை எடுத்த மூவரும் 2009க்கு முன் நிகழ்ந்தவற்றைக் கண்டவரல்லர். அவ்வொலியை எங்கே பெற்றீர்கள் என்று பிறகு கேட்டோம். ஒருவன், "அம்மம்மா சொல்லிக் கேட்டது, சேர். முதலில் நாய் குரைக்கும், பிறகு நிற்குமாம்" என்றான்.

அன்று மாலை அம்மூவரும் அத்தாயாரின் இல்லத்துக்குச் சென்று மன்னிப்புக் கேட்க விரும்பினர். நாமும் உடன் சென்றோம். அவர் தேநீர் தந்து, "பிழையொன்றுமில்லை, பிள்ளைகள். நல்லாய்த்தான் எடுத்திருக்கிறியள்" என்றார். பின்னர், அடுத்த முறை காட்டுவதற்கு முன் இப்படி ஒரு சத்தம் வரும் என்று ஒரு சொல் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் அவர்கள் தம் படத்தின் தொடக்கத்தில், "யாவர்க்கும் உரியது" என்ற வரியை விட்டு, அதன் கீழே வேறொரு வரியைச் சேர்த்தனர். அவ்வரி எவ்வயதையும் குறிக்கவில்லை.