சிவப்பு கறுப்பாகத் தெரிந்த காலம்

ஊமைப்பட நாயகி கிளாரா போவின் தலைமுடி நல்ல செம்பட்டை. ஹாலிவுட்டுக்கே தெரிந்த செய்தி அது. 1928-இல் அவரை நாயகியாக்கி எடுத்த ஒரு படத்துக்கு ‘ரெட் ஹேர்’ என்றே பெயர் வைத்தார்கள். அதில் ஒரு பகுதியை டெக்னிகலரில் படமாக்கி, அந்தக் கூந்தலை ரசிகர்கள் நிறத்தோடு பார்க்கவும் செய்தார்கள். அந்தப் படம் இன்று இல்லை. சில வண்ணத் துணுக்குகள் மட்டுமே தப்பின. ஆனால் 1920களின் நடுவில் எடுக்கப்பட்ட அவருடைய ஸ்டில்கள் ஏராளமாக இருக்கின்றன. பலவற்றில் கூந்தல் கன்னங்கரேல் என்றிருக்கும். அப்படி ஒன்றைத் தானாக வண்ணமேற்றும் செயலியில் போட்டால் அரை நிமிடத்தில் படம் தயார்: அடர்பழுப்புக் கூந்தல், மாநிறம் படிந்த கன்னம், பழுப்புக் கண். பார்க்க உயிரோட்டமாக இருக்கும். ஆனால் அந்தப் பெண் கிளாரா போ அல்ல.

இந்தத் தவறு தற்செயலானதல்ல. அதன் வேர் அந்தக் காலத்துப் பிலிமின் வேதியியலில் இருக்கிறது. படச்சுருளில் பூசப்படும் வெள்ளி உப்புகள் இயல்பாக நீல ஒளிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவுக்கும் மட்டுமே வினைபுரியும். 1873-இல் ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், அந்தப் பூச்சில் தகுந்த சாயத்தைக் கலந்தால் அது பச்சையையும் உணரத் தொடங்கும் என்று கண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம். நீலமும் பச்சையும் அதில் பதியும், சிவப்பு பதியாது. சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டே இருட்டறையில் கழுவலாம் என்பது தொழிலாளர்களுக்கு வசதி. நடிகர்களுக்கோ அது பெரும் சோதனை. சிவந்த உதடு மை பூசியதுபோல் கறுத்தது. கன்னத்துச் சிவப்பு குழிவிழுந்த நிழலானது. மூக்கில் இருக்கும் இடமே தெரியாத மங்கிய புள்ளிகள் துலக்கமாக எழுந்து நின்றன. நீலக்கண் உள்ளவர்களுக்குக் கருவிழி வெளுத்து, ஆவிபோல் ஒரு பார்வை வந்தது. வானத்தில் மேகமே காணோம். நீலமும் வெள்ளையும் ஒன்றாகிவிட்டன.

எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிமைக் கோடாக் நிறுவனம் 1922-இல் திரைத்துறைக்கு வழக்கமான சரக்காகவே விற்கத் தொடங்கியது. விலை கூடுதல் என்பதால் அவ்வளவாக எடுபடவில்லை. 1926-இல் இரண்டின் விலையும் ஒன்றாக்கப்பட்ட பிறகு, சில ஆண்டுகளிலேயே ஆர்த்தோ ஒதுங்கியது. ஆகவே 1916-இன் சாம்பல் வேறு, 1929-இன் சாம்பல் வேறு. வண்ணமேற்ற உட்காருபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் கையில் இருப்பது எந்தச் சாம்பல்?

இந்தக் கேள்வியைச் செயலி கேட்பதில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் பெரிய திருப்பம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களைச் சாம்பலாக்கி, மீண்டும் நிறத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கணினியைப் பழக்கினார்கள். கணக்கைப் பாருங்கள். வழக்கமான கணினிப் படத்தில் சாம்பலுக்கு 256 படிகள். நிறங்களோ ஏறக்குறைய 1.67 கோடி. சராசரியாக ஒவ்வொரு சாம்பல் படிக்குப் பின்னாலும் 65,536 நிறங்கள் ஒளிந்திருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாதபோது கணினி எல்லாவற்றுக்கும் நடுவான ஒன்றை எடுக்கும். அது மங்கிய பழுப்பாகத்தான் இருக்கும். அந்த ஆய்வாளர்கள் இதை உணர்ந்து, நிறங்களை 313 கூறுகளாகப் பிரித்து, அரிதான பளிச்சென்ற நிறங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். படங்கள் உயிர் பெற்றன. ஆனால் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருந்தது. இன்றைய வண்ணப் படத்தைச் சாம்பலாக்கப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் சிவப்பிலிருந்து 30, பச்சையிலிருந்து 59, நீலத்திலிருந்து 11 சதவீதம் எடுக்கும். மனிதக் கண்ணை ஒட்டி அமைத்த கணக்கு அது. சிவப்புக்குப் பூஜ்யம் கொடுத்த பிலிமை அத்தகைய பழக்கத்தோடு படித்தால், கறுப்பாகத் தெரிவதெல்லாம் கறுப்புதான் என்று கணினி முடிவு கட்டுவதில் வியப்பில்லை.

எனவே வண்ணத்துக்கு முன்னால் ஆளும் ஆண்டும் தெரிந்தாக வேண்டும். இந்த அடையாளம் காணும் வேலைதான் என்னை மிகவும் ஈர்ப்பது. பொறுமையும் கூர்மையும் இவ்வளவு தேவைப்படும் வேலைகள் குறைவு.

ஸ்டூடியோ ஸ்டில் என்றால் முதலில் மூலையைப் பார்க்க வேண்டும். கீழே சிறிய எழுத்தில் ஓர் எண், ஒரு கோடு, இன்னோர் எண் இருக்கும். முதல் எண் படத்துக்கு ஸ்டூடியோ கொடுத்த தயாரிப்புக் குறியீடு. அடுத்தது அந்தப் படத்தில் எத்தனையாவது ஸ்டில் என்பது. ஒவ்வொரு படத்தின் ஸ்டில்களையும் ஸ்டூடியோக்கள் வரிசையாகத் தொகுத்துப் பேரேடாக வைத்திருந்தன. பேரேடு போய்விட்டாலும், பெயர் தெரிந்த ஒரே ஒரு ஸ்டில் அதே குறியீட்டோடு கிடைத்தால் மற்றவை அனைத்துக்கும் விடை கிடைத்துவிடும். தனி உருவப்படம் என்றால் கையெழுத்தையோ, தாளில் அழுத்திய முத்திரையையோ தேட வேண்டும். விட்ஸெல், ஹார்ட்சூக், எவன்ஸ் என்ற படக்கூடப் பெயர் இருந்தால் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம் என்று கொள்ளலாம். ரூத் ஹேரியட் லூயிஸ் என்றிருந்தால் இன்னும் நல்லது: அவர் எம்.ஜி.எம்.மில் 1925 முதல் 1930 வரைதான் இருந்தார். ஆண்டு தானாகக் குறுகிவிடும்.

அதன் பிறகு முகம். கண்மணியில் தெறிக்கும் ஒளிப்புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டம் கட்டமான அகன்ற வெளிச்சம் என்றால் கண்ணாடிக் கூரையோ பெரிய சன்னலோ உள்ள படக்கூடம். சிறிய வட்டங்கள் என்றால் மின்விளக்கு. பெரிய நெகட்டிவிலிருந்து நேராக அச்சிட்ட பத்துக்கு எட்டு அங்குலப் படங்களில் இந்த நுணுக்கம் கெடாமல் கிடைக்கும். முகச்சாயலை மட்டும் நம்பக் கூடாது. நெகட்டிவிலேயே பென்சிலால் சுருக்கத்தை நிரப்புவதும், கத்தி முனையால் இடுப்பைச் செதுக்குவதும் அன்றைய வழக்கம். புருவமும் உதடும் காலத்துக்கேற்ப மாறின. 1920களில் ஒரே வகை உதடு எல்லார் முகத்திலும் உட்கார்ந்தது. ஆனால் காதில் கைவைக்க ரீடச்காரருக்குத் தோன்றுவது அபூர்வம். காது மடலின் வளைவும், நுனி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்பதும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். படம் இடவலமாகப் புரட்டி அச்சாகியிருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்: ஆண் கோட்டில் இடப்பக்கம் மேலே வர வேண்டும்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பெய்ன் செய்தி நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்கள் பல்லாயிரம் இருக்கின்றன. அவசரத்தில் நெகட்டிவிலேயே கையால் கிறுக்கிய பெயர்கள். எழுத்துப் பிழைகள் தாராளம். 2008 முதல் நூலகம் அவற்றை ஃபிளிக்கரில் பொதுமக்கள் முன் வைத்தது. பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, கப்பல் வந்த தேதியைப் பார்த்து, பெயர்களைத் திருத்திக் கொடுத்தவர்கள் சம்பளம் இல்லாத ஆர்வலர்கள். வர்ஜீனியாவின் கல்பெப்பரில் இதே நூலகம் 2012 முதல் நடத்திய கூடுகையில், பெயர் தெரியாத ஊமைப்படத் துண்டுகளைத் திரையிட்டுவிட்டு, அரங்கத்தில் இருப்பவர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்து சத்தமாகக் கத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். கார் எண் பலகை, கடைப் பெயர், ஒரு துணைநடிகரின் மூக்கு என்று எதிலிருந்தும் துப்புக் கிடைத்தது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஊமைக் கதைப்படங்கள் ஏறக்குறைய 10,900. வரலாற்றாளர் டேவிட் பியர்ஸ் அந்த நூலகத்துக்காக 2013-இல் எழுதிய அறிக்கைப்படி, வெளியான அதே வடிவில் 35 மி.மீ. பிரதியாக மிஞ்சியவை 14 சதவீதம்தான். தேடா பாரா நாற்பது படங்களுக்கு வாழ்வு கொடுத்த நட்சத்திரம். 1937-இல் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்ததில் அவர் படங்கள் பெரும்பாலும் சாம்பலாயின. 1917-இன் ‘கிளியோபாட்ரா’வில் மிகச் சிறிய துண்டுகள் மட்டும் இருக்கின்றன. அந்தப் படத்துக்கு இன்று ஸ்டில்கள்தான் முகம். அவற்றில் தவறான நிறத்தைப் பூசினால், ஒப்பிட்டுத் திருத்த வேறு மூலம் இல்லை.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் நிறத்துக்கு வழி பிறக்கிறது. 1920களின் அமெரிக்கக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் நெற்றி, மூக்கு, மோவாய் வர்ணனையோடு கண் நிறம், முடி நிறம், மேனி நிறம் எல்லாம் எழுத வேண்டும். முதல் உலகப்போருக்கு ஆள் எடுத்த 1917-18 பதிவு அட்டைகளில் ஆண்களின் கண்ணும் முடியும் பதிவாகியிருக்கின்றன. நடிகை மேரி பிக்ஃபோர்ட் 1928-இல் வெட்டிக்கொண்ட புகழ்பெற்ற சுருள்களில் சில அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன. அசையும் வண்ணமும் கொஞ்சம் உண்டு. கோடாக் 1922-இல் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீயில் எடுத்த வண்ணச் சோதனைச் சுருளில் நடிகைகள் மே மரே, ஹோப் ஹாம்ப்டன் ஆகியோர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதே ஆண்டின் ‘தி டோல் ஆஃப் தி சீ’ படத்தில் அன்னா மே வாங்கை டெக்னிகலரில் காணலாம். ஆனால் இரண்டுமே சிவப்பு, பச்சை என இரு வண்ணங்களால் மட்டும் ஆன முறைகள். தோலும் செந்நிறமும் நம்பகமாக வரும். தூய நீலமும் ஊதாவும் வரவே வராது. அட்டைப்பட ஓவியங்களை நான் கடைசியில்தான் வைப்பேன். ஓவியர் நாயகியை நேரில் பார்த்தாரா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது.

ஓர் அருமையான வாய்ப்பும் உண்டு. ஒரே உடை ஆர்த்தோவிலும் பானிலும் பதிவாகியிருந்தால், நமக்கு ஒன்றல்ல, இரண்டு சாம்பல்கள் கிடைக்கின்றன. ஆர்த்தோவில் கறுத்து, பானில் வெளுத்தால் சிவப்புச் சாயல். மாறாக ஆர்த்தோவில் வெளுத்து, பானில் கறுத்தால் நீலம். 1926-28 மாற்றக் காலத்துப் படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது எந்தச் செயலியையும்விட உண்மைக்கு அருகில் கொண்டுபோகும்.

அரிதாரம்தான் கடினமான பகுதி. ஆர்த்தோ பிலிமின் கோளாறைச் சமாளிக்க நடிகர்கள் மஞ்சள் சாயலுள்ள களிம்பை முகம் முழுக்கப் பூசினார்கள். ஒப்பனைக் கலைஞர் மேக்ஸ் ஃபாக்டர் 1914-இல் திரைக்கென்றே மென்மையான களிம்பை உருவாக்கினார். 1928-இல் பான் பிலிமுக்கென்று தனி வரிசையைக் கொண்டுவந்தார். அப்படியானால் படப்பிடிப்பில் எடுத்த ஸ்டில்லில் நாம் பார்ப்பது தோலையா, களிம்பையா? அன்று செட்டில் நின்றவர் கண்ட நிறத்தைக் கொடுத்தால் நாயகி மஞ்சள் காமாலை பிடித்தவர்போல் இருப்பார். உருவப்படங்களில் இயல்பான தோல் நிறத்தையும், செட்டில் வேலை நடக்கும்போது எடுத்த படங்களில் களிம்பின் நிறத்தையும் கொடுப்பதே நேர்மை என்பது என் எண்ணம். எதைக் கொடுத்தோம் என்பதைக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

நல்ல செய்தி ஒன்று: பிலிமின் இயல்பையே கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறைகள் வந்துவிட்டன. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2021-இல் வெளியிட்ட ஆய்வு, பழைய பிலிம் எந்த ஒளியை உணர்ந்தது என்பதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தது. சிவப்பு ஒளி தோலுக்குள் கொஞ்சம் ஊடுருவிச் சிதறி வெளியே வருவதால் முகம் மிருதுவாகத் தெரியும்; நீல ஒளி மேற்பரப்பிலேயே நின்று ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டும். நீலத்தை மட்டும் உணர்ந்த பழைய தட்டுகள் ஆப்ரகாம் லிங்கனை உள்ளதைவிடக் கரடுமுரடாகக் காட்டியதற்கு இதுவும் காரணம். அந்தச் சுருக்கத்தையும் சேர்த்து வண்ணமேற்றினால், நிறம் சரியாக இருந்தாலும் ஆள் மூப்பாகத் தெரிவார்.

அதே தொழில்நுட்பத்தின் இன்னொரு பக்கம் எனக்குக் கவலை தருகிறது. மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் உண்மையில் எதையும் மீட்பதில்லை; தங்களுக்குப் பழக்கமான முகங்களிலிருந்து இமையையும் பல்லையும் காதையும் எடுத்து ஒட்டுகின்றன. எந்தக் காதை வைத்து ஆளை அடையாளம் காண வேண்டுமோ, அந்தக் காதே பறிபோகிறது. இப்படி மெருகேற்றிய பிரதி தவறான பெயரோடு பரவினால், அடுத்து ஒப்பிட வருபவர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். அதனால் வண்ணத்தைத் தனி லேயரில் வைத்து, கீழே சாம்பல் மூலத்தைத் தொடாமல் சேமிப்பதும், மூலையில் இருக்கும் குறியீட்டையும் முத்திரையையும் அழகுக்காக வெட்டி எறியாமல் இருப்பதும், எந்த நிறத்துக்குச் சான்று உண்டு, எது ஊகம் என்று கோப்பிலேயே எழுதிவைப்பதும் இந்த வேலையில் பாதி. கிளாரா போ படத்தில் அந்தக் குறிப்பு இவ்வளவு இருந்தால் போதும்: கூந்தல் செம்பட்டை, சான்று உண்டு, உடையின் நிறம் ஊகம், பிலிம் ஆர்த்தோ.