வீட்டு வரியும் அளவுகோலும்

தருமபுரி ஜில்லாவாசிகளுக்கு வரி மதிப்பு புதிய சமாசாரமன்று. 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் சீமை கும்பினியார் கைக்கு வந்தது. அலெக்ஸாண்டர் ரீட் கலெக்டரானார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இப்பகுதியில் உத்தியோகம் பார்த்தார், தருமபுரியிலும் வசித்தார். நிலத்தை அளந்து குடியானவரிடம் நேரே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. தீர்வை விதிப்போரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அன்றைய குடியானவருக்கு இல்லை. இன்றோ நகரசபை நம்முடையது. ஆகவே அதன் கணக்கைச் சரிபார்ப்பதும் நம்முடைய கடமையே.

2022-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு நகரசபைகளில் குடியிருப்பு வீடுகளின் வரி, பரப்பளவுக்குத் தக்கபடி உயர்த்தப்பட்டது. 600 சதுர அடி வரை 25 சத விகிதம். 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100. எனவே 590 சதுர அடி வீடு ஏட்டில் 620 என்று பதிவாகியிருந்தால் நேர்வது என்ன? பழைய வரி 400 ரூபாயாயின், 500 ஆகவேண்டியது 600 ஆகிவிடும். பின்வரும் உயர்வுகளும் அந்தத் தவறான தொகையின் மேலேயே ஏறும். முப்பது அடிப் பிழை ஒரு தலைமுறைக்கும் தொடரக்கூடும்!

ஆதலால் நோட்டீஸ் வந்ததும் அதைப் பரணில் செருகாமல், அளவு நாடாவை எடுங்கள். பரப்பளவு, கட்டடத்தின் வகையும் வயதும், தெருவுக்கு வகுத்த மண்டலம், குடியிருப்பா கடையா என்ற குறிப்பு ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை தென்பட்டால், கிரயப் பத்திரம், அங்கீகரித்த வரைபடம், பழைய ரசீது இவற்றின் நகல்களுடன் கெடுவுக்குள் நகரசபை ஆணையாளருக்கு மனுச் செய்யுங்கள். மனுவின் பிரதியில் தேதியிட்ட ஒப்புதல் முத்திரை பெறுவது அவசியம். முடிவு திருப்தியளிக்காவிடில் சட்டப்படி அப்பீல் உண்டு. மனு நிலுவையில் இருக்கிறதென்று தவணையை நிறுத்துதல் விவேகமன்று. தாமதத்துக்கு அபராதம் ஏறும்.

தனி மனிதர் குரல் எடுபடுமா என்று ஐயுறுவோருக்குக் குண்டூரைச் சுட்டுவோம். 1920-ஆம் வருஷத்துச் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகையை வைத்தே வீட்டை மதிக்கச் சொல்லிற்று. அதே சட்டம் 2023 வரை நம் நகரசபைகளிலும் அமலில் இருந்தது. குண்டூர் வரி செலுத்துவோர் சங்கத்தார் நகரசபையோடு வழக்காடினர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் மதிப்பிடலாகாது என்று 1970-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

தெருவிளக்கும் குடிநீரும் இந்த வரியினால்தான் நடக்கின்றன. ஆகவே கொடுக்க வேண்டியதை மனமுவந்து கொடுப்போம். கொடுக்க வேண்டாததைக் கேட்டால், ஏன் என்று மரியாதையுடன் எழுத்தில் வினவுவோம். சுயராஜ்யத்தில் பிரஜைக்கு இவ்விரண்டும் தர்மமே.